பதின்மூன்று ரன் எடுத்தும் தோல்வியா?

2019 ஜூன் 29, லண்டன். அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் தொடரான மேஜர் லீக், ஐரோப்பாவில் நடத்திய முதல் அதிகாரப்பூர்வ ஆட்டம். எங்கள் பரம எதிரியான நியூயார்க் அணி யாங்கீஸ் முதல் இன்னிங்ஸிலேயே ஆறு ரன் குவித்தது. நெஞ்சு அடைத்துவிட்டது. எங்கள் பாஸ்டன் அணி ரெட் சாக்ஸும் உடனே ஆறு எடுத்தது, துள்ளிக் குதித்தேன். அந்த மகிழ்ச்சி நிலைத்ததா? சிறிது நேரத்தில் யாங்கீஸ் 17, நாங்கள் 6. பந்து வீச ஆளே இல்லையா நம்மிடம்? வருகிறவர்களெல்லாம் அடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பிறகு எங்கள் மட்டையாளர்கள் உயிரைக் கொடுத்து 13 வரை இழுத்து வந்தார்கள். போதவில்லை. 4 மணி 42 நிமிடம் கண்ணிமைக்காமல் பார்த்தேன். “எத்தனை ரன், நல்ல விருந்துதானே!” என்கிறார்கள். யாங்கீஸிடம் தோற்ற ஆட்டம் எனக்கு எப்படி விருந்தாகும்? பதின்மூன்று ரன்! வயிறு இன்னும் எரிகிறது.