தீர்ப்பு வந்துவிட்டதா என்று கேட்டது குற்றமா?

வழக்கில் பெயர் இருக்கிற ஒருவரின் வீட்டை அரசே இடித்துத் தள்ளும் புல்டோசர் வீடியோ நேற்று முழுக்க எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. "செம", "இதுதான்டா அரசாங்கம்" என்று நம் ஆட்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது, "தீர்ப்பு வந்துவிட்டதா?" என்று ஒரே ஒரு வரி கேட்டேன். ராத்திரிக்குள் நான் குற்றவாளியின் கூட்டாளி ஆகிவிட்டேன்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். பிடிப்பது போலீஸ் வேலை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. தண்டனை அதற்கு அப்புறம். மூன்றையும் நிர்வாகமே ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டால் அதற்குப் பெயர் வேகம் இல்லை, யாரும் கொடுக்காத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்வது.

இது என் சொந்தச் சரக்கும் இல்லை. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் சொன்னதுதான். வழக்கில் பெயர் இருக்கிறது என்பதற்காக வீட்டை இடிக்க முடியாது. 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும். மீறி இடித்தால் அதிகாரி தன் கைக்காசைப் போட்டுக் கட்டித்தர வேண்டும். "அப்போ ஆக்கிரமிப்பு?" என்று கிளம்புகிறவர்களே, சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு இது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

நோட்டீஸில் பழைய தேதியைப் போட்டு ஏமாற்றாமல் இருக்க, கொடுத்த உடனே கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு தடவை ஒட்டினார்கள். பசை காயவில்லை, ஆனால் காகிதத்தில் இருந்த கெடு போன வாரமே முடிந்திருந்தது! சர்வே எண்ணும் எங்களுடையது இல்லை, பக்கத்து உட்பிரிவு. அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள், தலையைக்கூட நிமிர்த்தாமல். உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்த அன்று அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்து, நோட்டீஸ் இருந்த அதே இடத்தில் ஒட்டினார். எங்களுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு தாள்தான்.

"கோர்ட்டுக்குப் போனால் இருபது வருஷம் இழுப்பான்." உண்மைதான். அதற்கு நீதிபதி பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள், ஜேசிபியை அனுப்பச் சொல்லாதீர்கள்.

"நீதிபதிகளை யார் தேர்ந்தெடுத்தது?" யாரும் இல்லை ஐயா, அதனால்தான் வேண்டும் என்கிறேன். ஓட்டு வாங்கியவரிடம் "முடியாது" என்று சொல்ல, ஓட்டு தேவைப்படாத ஒருவர் வேண்டும். அவர்களும் சில சமயம் சொல்வதில்லை என்பது வேறு கதை. 1976இல், நெருக்கடி நிலையின்போது, காரணமில்லாமல் சிறையில் அடைத்தாலும் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்ற அரசின் பக்கம் நான்கு நீதிபதிகள் சாய்ந்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்தவருக்குப் போனது.

"அந்தக் குற்றம் உன் வீட்டில் ஒருத்தருக்கு நடந்திருந்தால் இப்படிப் பேசுவாயா?" இதைக் கேட்டது முகம் தெரியாத ஆள் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்பா ஒட்டிய அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவன். இன்று கறுப்புக் கோட்டு போட்டு வாதாடும் வக்கீல். அந்த வீடியோவுக்கு இதயம் போட்டிருக்கிறான்.

டேய், உத்தரப் பிரதேசத்தில் நடந்த பிரயாக்ராஜ் வழக்கு உனக்குத் தெரியாதா? இடிப்பு உத்தரவு பதிவுத் தபாலில் கைக்கு வந்தது 2021 மார்ச் 6. இடித்தது மறுநாள். இடிந்ததில் ஒரு வக்கீலின் வீடும் உண்டு. ஒரு தாதாவின் நிலம் என்று தப்பாக நினைத்து இடித்துவிட்டார்கள் என்பது வீட்டுக்காரர்கள் தரப்பு. ஆளுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2025 ஏப்ரல் ஆகியிருந்தது.

நாளைக் காலையில் உன் கட்சிக்காரனுக்கு ஜாமீன் கேட்டு எழுந்து நிற்பாயே, "குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, மை லார்ட்" என்பாயே, அப்போது நாக்கு கூசாதா உனக்கு?