பெயர் இல்லாத சிப்பாய்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வருகிற எவரும் ஆனையிறவில் நிற்கும் அந்தக் கவச புல்டோசரைப் பார்க்காமல் வர முடியாது. 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இராணுவ முகாமை நோக்கி நகர்த்திய அதன் மேல் கைக்குண்டுகளோடு ஏறி, அதை நிறுத்தி உயிர்விட்ட இராணுவச் சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவிடம் அது. அவருடைய ஊரான ஹசலகவில் அவருக்கு ஒரு சிலை இருந்தால் அதைக் குறைசொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. ஓர் ஊர் தன் பிள்ளையை நினைப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

என்னை உறுத்துவது முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் நிற்கும் சிப்பாய்ச் சிலைதான். 2009இல் போர் முடிந்த கையோடு அரசு எழுப்பிய அந்தச் சிலை, ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் கொடியுமாக, நீர் சூழ்ந்த பீடத்தில் நிற்கிறது. சீருடை இருக்கிறது, பெயர் இல்லை. சுற்றிவர வாழ்கிற சனத்தில் அநேகர் அதே மண்ணில்தான் தம் உறவுகளைப் பறிகொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பீடத்தில் பூ வைக்கக் காரணம் இல்லை.

முதலாம் உலகப் போருக்குப் பின் மேற்குநாட்டுச் சிற்றூர்களிலும் சிப்பாய்ச் சிலைகள் எழுந்தன. விகெஸ்னி என்ற அமெரிக்கச் சிற்பி வடித்த ஒரே உருவத்தின் பிரதிகள் நூற்றுக்கு மேல் நிற்கின்றன. கலையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இத்தகைய சிலைகளில் பெரும்பாலானவை ஊரார் காசு சேர்த்து வைத்தவை. பீடத்தில் அந்த ஊரில் இருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். நம்முடைய நடுகல்லும் அப்படித்தான்: விழுந்தவனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி, அவனை அறிந்தவர்கள் நட்ட கல்.

இன்று யாழ்ப்பாணத்தில் அதற்கு மிக நெருக்கமாக நான் காண்பது போதனா வைத்தியசாலையில்தான். 1987 ஒக்டோபர் 21இல் இந்திய அமைதிப்படை அங்கே புகுந்து சுட்டதில் நோயாளர்களோடு, வைத்தியர்கள், தாதியர் உட்பட 21 ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களின் படங்களுக்கு மாலையிட்டு விளக்கேற்றுகிறார்கள். துப்பாக்கி ஏந்திய உருவம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. கோப்பாயிலோ, இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்துக் கல்லறைகளை இடித்த நிலத்தில் 2011இல் படைத் தலைமையகம் திறந்தார்கள். பெற்றோர் கார்த்திகையில் அதற்கு வெளியே நின்று சுடர் ஏற்றுகிறார்கள். அந்தக் காணி திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அதற்காக நாமும் பதிலுக்கு ஒரு சிப்பாயை நிறுத்த வேண்டும் என்று சில நண்பர்கள் எழுதுவதை ஏற்க மாட்டேன். ஊர்தோறும் சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு கருங்கல் போதும். போரில் இறந்த அவ்வூரார் எல்லோருடைய பெயரும் ஆண்டும் அதில் இருக்கட்டும். ஷெல்லடியில் போனவர்கள், இயக்கங்களில் சேர்ந்து மடிந்தவர்கள், அந்த இயக்கங்களாலேயே துரோகி என்று சுடப்பட்டு மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்கள். கடைசியாகச் சொன்னவர்களின் பெயரில்தான் நாம் தடக்குப்படுவோம் என்பது எனக்குத் தெரியும். கூட்டத்தில் வாக்குவாதம் வரும், சிலர் எழுந்தும் போவார்கள். வரட்டும். இந்தப் பெயர்களை எல்லாம் மனதில் வைத்திருக்கிற கிழவர்களும் கிழவிகளும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களையும் அழைத்து, அந்த வாக்குவாதத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள்.