நிதி மசோதாவுக்குள் எதையும் திணிக்க முடியுமா?

அண்ணாச்சி, ‘வரி மசோதாவில் எதைச் சேர்த்தாலும் செல்லும், கோர்ட்டே கேட்க முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நிதி மசோதாவை, அதாவது நீங்கள் சொல்லும் வரி மசோதாவை, பண மசோதா என்ற வகையில்தான் கொண்டுவருகிறார்கள். பண மசோதாவில் என்ன இருக்கலாம் என்று சொல்லும் அரசியலமைப்புச் சட்டத்தின் 110-வது பிரிவில் ‘மட்டும்’ என்று ஒரு சொல் இருக்கிறது: வரி, கடன், அரசுச் செலவு, அவற்றை ஒட்டியவை, அவ்வளவுதான். மாநிலங்களவை பண மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், தடுக்க முடியாது. அதனால்தான் வேறு சரக்கை உள்ளே தள்ள ஆசை வருகிறது. எது பண மசோதா என்பதில் சபாநாயகர் முடிவே இறுதி என்று அந்தப் பிரிவில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவைக் கோர்ட் ஆராயலாம் என்று 2018 ஆதார் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், பாளையங்கோட்டை வீட்டு வரி ரசீதைச் சான்றாகப் போட்டிருக்கிறீர்களே, உள்ளாட்சி வரியைப் பற்றியது என்பதால் மட்டும் ஒரு மசோதா பண மசோதா ஆகாது. மாநிலத்துக்கான 199-வது பிரிவிலும் அதேதான். இங்கே தமிழ்நாட்டில் 1986-லேயே சட்ட மேலவையை மூடியாச்சு, பண மசோதா என்று சொல்லி யாரை ஏய்க்க?