நடுவரிகள் ஏன் இறுகின என்று கேட்டீர்களே

நேற்றே எழுதியிருப்பேன். கோபத்தில் எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டுக் கோபத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஓர் இரவு பொறுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் கோபம் போட்ட இடத்திலேயே இருக்கிறது. சரி, எழுதிவிடுகிறேன்.

எந்தப் பதிவைப் பற்றிப் பேசுகிறேன் என்று கொக்கி ஊசியால் நூல் பின்னும் நம் குரோஷா குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நீலமும் சாம்பலும் கலந்த விரிப்பு. பதிவிட்டவர் பெயரை இங்கே எழுதமாட்டேன், யாரும் கமெண்டில் டேக் செய்யவும் வேண்டாம். அவர் பட்டது போதும். விரிப்பின் படத்தைப் போட்டுக் கீழே கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மருத்துவமனைத் தாழ்வாரம், காத்திருந்த நேரத்தில் பின்னிய வரிகள். குழந்தை இப்போது இல்லை. விரிப்பை மட்டும் முடித்திருக்கிறார். அவ்வளவுதான் பதிவு. யாரையும் திட்டவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் பதிவைக் காணோம். பிறகு ஓர் அறிவிப்பு வந்தது: ‘இது குரோஷா குழு மட்டுமே. சொந்தக் கதைகளைப் பகிர வேறு இடங்கள் உள்ளன. கைவேலை தொடர்பான பதிவுகளை மட்டும் இடவும்.’ கடைசியில் கைகூப்பும் ஸ்மைலி வேறு.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பதிவு கைவேலை தொடர்பானது. குழுவில் அந்த வாரம் வந்த பதிவுகளிலேயே கைவேலையைப் பற்றி உருப்படியாகப் பேசிய பதிவு அது ஒன்றுதான்.

எப்படி என்கிறீர்களா? பதிவு வந்ததும் முதல் ஆளாக ஒருவர் வந்து, ‘நடுவில் சுருங்கியிருக்கே, ஓரத்தில் கண்ணி விட்டுட்டீங்களா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. வரிக்கடைசியில் கண்ணி, அதாவது ஊசியில் போடும் ஒரு நூல் வளையம், தப்பினால் துணி குறுகும், எல்லோரும் கற்றுக்கொள்ளும்போது செய்கிற தப்புதான். நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் வரை கண்ணிகள் இளகி, ஒழுங்காக இருக்கின்றன. அப்புறம் ஒரு பட்டை. அதில் கண்ணிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஊசி முனை நுழையுமா என்று சந்தேகப்படும் அளவுக்கு இறுகி, இரண்டு ஓரங்களும் உள்வாங்கியிருக்கின்றன. அதற்கு மேலே மறுபடி மெல்ல மெல்ல அகலம் வருகிறது. கண்ணி தப்பியிருந்தால் அப்படித் தானாகத் திரும்பி வராது.

அந்தப் பெண் பதில் எழுதினார். எண்ணிக்கை சரி, ஊசியும் அதே ஊசிதான், அந்தப் பட்டை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து பின்னியது, கை இறுகிவிட்டது, பிரிக்க மனம் வரவில்லை என்றார். குரோஷா தெரிந்த யாருக்கும் இது புரியும். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதில்தான் துணியின் அகலமே இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் ஊசியில் கை இறுகுகிறவர்களுக்கு ஐந்தை எடு என்று நாமே தினமும் ஆலோசனை சொல்கிறோம். ஆக, கேட்ட தொழில்நுட்பக் கேள்விக்கு அவர் சொன்னது தொழில்நுட்ப பதில். அந்தப் பதிலில் ஒரு குழந்தை இருந்தது என்பதுதான் குற்றமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். போன வருடம் இதே குழுவில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னும் பேட்டர்ன் ஒரு மாதம் ஓடியது. 2013-இல் டென்மார்க்கில் ஒரு குறைமாதக் குழந்தைக்காகத் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய வேலை அது. பொம்மையின் சுருள் கால்களைக் குழந்தை பிடித்துக்கொள்ளும், தொப்புள்கொடியைப் பிடித்திருந்த நினைவாக இருக்கும் என்று சொல்வார்கள். நாம் எல்லோரும் உருகினோம், ஆளுக்கு ஒன்று பின்னினோம். அட்மின்கள் அதைக் குழுவின் உச்சியிலேயே நிலையாக வைத்திருந்தார்கள். அதாவது, குறைமாதக் குழந்தை பொதுவாக இருந்தால் கைவேலை. அந்தக் குழந்தைக்கு ஓர் அம்மா இருந்து, அவர் நம் குழுவிலேயே இருந்து, வாயைத் திறந்துவிட்டால் சொந்தக் கதை.

‘விதி என்றால் விதி’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். சரி, விதியைப் பார்ப்போம். ‘தலைப்புக்குத் தொடர்பில்லாத பதிவுகள் கூடாது.’ இந்த விதியை நான் எதிர்க்கவில்லை. அரசியல் வேண்டாம், நகைச்சீட்டு வேண்டாம், காலை வணக்கப் படம் வேண்டவே வேண்டாம். ஆனால் விற்பனைப் பதிவும் கூடாது என்று அதே பட்டியலில் இருக்கிறது. ஓர் அட்மின் தன் கைப்பைகளை வாரம் தவறாமல் போடுகிறார். அது ‘ஊக்கப்படுத்தும் பதிவு’ என்கிறார்கள். ஊக்கம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது, ‘அனுதாபத்துக்கு எழுதுகிறார்கள், லைக்குக்கு எழுதுகிறார்கள்.’ இதைச் சொன்னவர் தன்னுடைய ஒரே தொப்பியை ஏழு கோணத்தில் படமெடுத்து ஏழு பதிவாகப் போட்டவர். அதை யாரும் லைக்குக்கு என்று சொல்லவில்லை, நானும் இதயம் போட்டேன். பாராட்டு வேண்டும் என்று எழுதலாம், ஆறுதல் வேண்டும் என்று எழுதக்கூடாதா? அந்தப் பெண் ஆறுதல்கூடக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

‘பொதுவெளியில் இவ்வளவு சொல்வது ஆபத்து’ என்று ஒரு தம்பி அக்கறையாக எழுதியிருந்தார். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எங்கே போகும் என்று தெரியாது, சொந்தக்காரர்கள் எந்தப் பெயரில் குழுவுக்குள் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. மருத்துவமனைச் சீட்டு, வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படம், இதெல்லாம் போடக்கூடாது. போட்டிருந்தால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை, ‘அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்மா’ என்று சொல்லலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. எழுதியவரிடம் கேட்காமல் அழித்துவிட்டு ‘உங்கள் நன்மைக்குத்தான்’ என்பது எந்த வகை அக்கறை?

இன்னும் ஒருவர் சொன்னதுதான் கொஞ்சம் தைத்தது. ‘நானும் வீட்டில் ஆயிரம் பாரத்தோடுதான் வருகிறேன், இங்கேயாவது பூவும் கண்ணியுமாக இருக்கட்டும்’ என்றார். புரிகிறது. எல்லா நாளும் எல்லோராலும் எல்லாவற்றையும் படிக்க முடியாது. அதற்கு முதல் வரியில் ‘இழப்பு பற்றிய பதிவு’ என்று ஒரு குறிப்பு போடச் சொல்லலாம், விரும்பாதவர்கள் கடந்து போகலாம். அதற்கு மேல் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஸ்க்ரோல் செய்ய விரல் இருக்கிறது. அந்த விரலால்தானே இவ்வளவு பெரிய கமெண்டும் எழுதினீர்கள்.

குழுவின் அட்டைப்படத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வொல்லொங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோஷா பின்னும் 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. அதில் 89.5 சதவீதம் பேர் பின்னும்போது மனம் அமைதியாகிறது என்று சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றிலும் பூ வரைந்து வைத்திருக்கிறார்கள். மனம் அமைதியாகிறது என்று சொல்லலாமாம். எதனால் கலங்கியிருந்தது என்று மட்டும் சொல்லக்கூடாதாம்.

ஊசியையும் நூலையும் சொந்தக் கதையிலிருந்து பிரித்துவைக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு துணி இருக்கிறது. 1830 வாக்கில் எலிசபெத் பார்க்கர் என்ற இளம்பெண் லினன் துணியில் சிவப்பு நூலால், சின்னச்சின்னக் குறுக்குத் தையலில், எழுத்தெழுத்தாகத் தன் கதையைத் தைத்திருக்கிறாள். பூ இல்லை, பறவை இல்லை, சாதாரணமாக அந்தக் காலத்துப் பெண்கள் தைக்கிற அலங்காரம் எதுவும் இல்லை. வரிவரியாக எழுத்து மட்டும். வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமை, உயிரை விட்டுவிடலாம் என்று வந்த எண்ணம், கடவுளிடம் மன்றாட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது, கீழே துணி காலியாகக் கிடக்கிறது. இன்று அதை அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நம் குழுவில் போட்டிருந்தால் மதியத்துக்குள் தூக்கியிருப்பார்கள்.

‘அது எம்பிராய்டரி, நம்முடையது குரோஷா’ என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

இதெல்லாம் வேறொருவருக்காக எழுதுகிறேன் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இவ்வளவு தூரம் வந்தபிறகு மறைப்பானேன். என் பதிவும் இப்படித்தான் போனது.

என் மாமியாருக்கு மறதி நோய். அந்தக் காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னியவர். நோய் முற்றியபிறகு பின்ன வராது, ஆனால் கை சும்மா இருக்காது. புடவை முந்தானையில் நூல் நூலாக உருவுவார், தலையணை உறையின் ஓரத்தைப் பிரிப்பார், நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை பிரிப்பார். ஒருநாள் ஒன்றும் தோன்றாமல் நான் பின்னிக்கொண்டிருந்த வெறும் நூல் சங்கிலியை அவர் மடியில் வைத்தேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. முழுவதும் பிரித்து முடித்ததும் நூலை என்னிடம் நீட்டி, ‘போடு’ என்றார். நான் பின்ன, அவர் பிரிக்க, அந்த மத்தியானம் முழுவதும் ஒரே நூல்.

அதைக் குழுவில் எழுதினேன். படமாகப் போட ஒன்றுமில்லை, ஒரு நூல் குவியல்தான். முகம் தெரியாத ஓர் அக்கா கீழே வந்து, இப்படிப்பட்டவர்களுக்கென்றே கை உறை பின்னுவார்கள், பொத்தான், ஜிப், ரிப்பன் எல்லாம் தைத்துவைப்பார்கள், விரலுக்கு வேலை கிடைக்கும் என்றார். எத்தனை சங்கிலியில் தொடங்குவது, எப்படி மடித்து இணைப்பது, பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளாதபடி எப்படி இரட்டை நூலில் தைப்பது என்று பொறுமையாக எழுதியிருந்தார். மாமியார் படும் பாட்டைச் சொல்லியிருக்காவிட்டால் அந்த அக்கா அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். வெறுமனே ‘கை உறை பேட்டர்ன் இருக்கா’ என்று கேட்டிருந்தால் குளிருக்குப் போடும் உறையைக் காட்டியிருப்பார்கள்.

நல்லவேளை, படித்த அன்றே பின்ன ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பதிவு இல்லை. அந்த அக்காவின் குறிப்பும் இல்லை. என் குடும்பக் கதையை நீக்குகிறேன் என்று நினைத்து முழுப் பேட்டர்னையும் நீக்கியிருக்கிறார்கள். காரணம் கேட்டு அட்மினுக்கு எழுதினேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், குழு நூறு பேராக இருந்த காலத்திலிருந்தே பழக்கம். அவர் மகள் கல்யாணத்துக்கு மேசைவிரிப்பு பின்ன இரவெல்லாம் வீடியோ காலில் உட்கார்ந்து கண்ணி எண்ணிச் சொன்னவள் நான். செய்தியைப் பார்த்துவிட்டார் என்று நீலக்குறி வந்தது. பதில் இன்றுவரை வரவில்லை. அடுத்த வாரம் மட்டும், ‘வீட்டு விஷயங்களைத் தவிர்க்கவும்’ என்று பொதுவாக ஓர் அறிவிப்பு. அது யாருக்கென்று எனக்குத் தெரியாதா?

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மாமியாரைப் பார்க்கவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் யார் சண்டை போடுவது. அவர் போய்விட்டார். உறை இருக்கிறது, ஒரு பொத்தான்கூடப் பிரியவில்லை.

அட்மின் அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். குழு பெரிதாகிவிட்டது, ஆயிரம் பேர் ஆயிரம் புகார் சொல்கிறார்கள், ஒழுங்கு வேண்டும், எல்லாம் சரி. ஒவ்வொரு பதிவையும் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு நேரமில்லை என்பதும் சரி. படிக்க நேரமில்லாதபோது நீக்க மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது? விரிப்பு பின்னிய அந்தப் பெண் இன்று காலை உறுப்பினர் பட்டியலில் இல்லை. தானாகப் போனாரா, நீங்கள் அனுப்பினீர்களா, தெரியவில்லை. அவராகப் போயிருந்தால் இரண்டும் ஒன்றுதான். கூப்பிடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம், பதிவைத் திரும்பப் போடச் சொன்னால் போதும்.

நான் குழுவை விட்டுப் போகிறேனா என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் கேட்டார்கள். போகவில்லை. இன்று மாலை என் பழைய பதிவைத் திரும்பக் குழுவில் போடுகிறேன், மாமியார், முந்தானை, நகக்கண் ரத்தம் எல்லாவற்றோடும். கை உறை பின்னும் முறையையும் அந்த அக்கா சொன்னபடி, நான் பின்னிப்பார்த்தபடி எழுதியிருக்கிறேன். தனியாக அல்ல. எத்தனை சங்கிலி என்பது மாமியார் தலையணை உறையைப் பிரித்த இடத்தில் வரும், பொத்தான் தைக்கும் விதம் அவர் என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்ட வரிக்கு அடுத்தது. பேட்டர்ன் மட்டும் வேண்டும் என்பவர்கள் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.