சாபமாம், சாபம்!

அந்த ரீலை நேற்றிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாச்சு. ‘புதுச்சேரியின் பெர்முடா முக்கோணம்’, பின்னணியில் பேய்ப்பட மியூசிக், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே விட்ட சாபத்தில் ஒரே ராத்திரியில் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பல்கள். கீழே மரியாதையாக ரெண்டு வரி எழுதினேன். “பூமர் அங்கிள் வந்துட்டார்” என்று பதில், அதற்கு இருநூறு சிரிப்பு. சரி, அங்கிள் தன் சொந்தச் சுவரிலேயே எழுதிக்கொள்கிறார்.

டூப்ளேயை 1754லேயே பிரான்சுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள். ஆங்கிலேயக் கப்பல்கள் புயலில் போனது 1761 ஜனவரி 1. சாபம் பலித்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்புறம் ரெண்டே வாரத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததே, அது யார் சாபம்?

சாபம் இல்லை தம்பி, நங்கூரம்.

கடலூரோ புதுச்சேரியோ, அன்றைக்குப் பெரிய கப்பல் வந்து ஒதுங்க இடம் கிடையாது. திறந்த கடலில் நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில் அலை தாண்டிக் கரைக்கு வரணும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது; அலை அடித்தால் உடையாது, நெளிந்து கொடுக்கும். (இதற்கு யாரும் ரீல் போட மாட்டார்கள்.) வாடைக்காலம் வந்தால் கப்பல்கள் இந்தக் கரையை விட்டே கிளம்பிவிடுவது வழக்கம். அந்த வருஷம் ஆங்கிலேயர் முழுசாகக் கிளம்பவில்லை. புதுச்சேரிக்குள் இருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியைப் பட்டினி போட, கடல்வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நங்கூரம் எடையால் மட்டும் பிடிக்காது. வடம் தரையோடு படுத்து இழுத்தால்தான் கொக்கி மண்ணில் இறங்கும். பத்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம் என்றால் ஐம்பது பாகமாவது வடம் விடணும், காற்று ஏறினால் இன்னும் கூட. அலை கப்பலின் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கும்போது வடம் விறைத்து, நங்கூரத்தின் தண்டு எழும்பினால் கொக்கி பெயர்ந்துவிடும். அன்று இரும்புச் சங்கிலியும் இல்லை, சணல் வடம். அது வெளியே வரும் துளையில் உரசியே தேயும். புயலின் கண் கடந்தால் காற்று திசை மாறும், கப்பல் சுற்றிக்கொள்ளும், அதுவரை பிடித்திருந்த கொக்கி எதிர்ப்பக்கம் இழுபட்டுக் கழன்றுவிடும். ஆங்கிலேயத் தளபதி ஸ்டீவன்ஸின் கப்பல் நார்ஃபோக் வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடித் தப்பியது. டியூக் ஆஃப் அக்விடேன், சண்டர்லேண்ட், சரக்குக் கப்பல் டியூக் மூன்றும் மூழ்கி, சுமார் 1,100 பேர் போனார்கள். அரியாங்குப்பம் பக்கம் கரை தட்டிய மூன்று கப்பல்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

“அப்போ 1749ல் கப்பல் மூழ்கியது?” என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், அது ஏப்ரல், வாடைக்காலம் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு எதிரே ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவனின் கொடிக்கப்பல் நாமூர் 520 பேரோடு போனது. அவர் கரையில் இருந்ததால் பிழைத்தார். சித்திரையிலும் புயல் வரும், அவ்வளவுதான். அதே திறந்த கடல், அதே நங்கூரம்.

“இன்ட்ரஸ்டிங்கா சொன்னாத்தானே பசங்க வரலாறு பார்ப்பாங்க” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இரும்புக் கப்பல் வந்ததும் சாபம் தீர்ந்துவிட்டதா? 2012 நீலம் புயலில் சென்னையில் பிரதிபா காவேரி நங்கூரத்தோடு இழுபட்டுக் கரை தட்டியது மறந்துபோச்சா? உயிர் போனது உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களுக்கு. அதில் பலரைத் தூக்கிக் காப்பாற்றியது மீனவர்கள்.

அந்த மீனவனுக்கு நாம் என்ன மரியாதை தருகிறோம்? போன மாசம் முகத்துவாரத்தில் ஃபைபர் படகு கவிழ்ந்தப்போ இதே கமெண்ட் கூட்டம் என்ன எழுதியது? “பேராசை”, “விதி”. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தினது சாபம், போன மாசத்தது விதி. காரணம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

முகத்துவாரத்தில் மணல் மேடு ஏறினால் அலை அங்கேயே உடையும். பின்னால் வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கும், இன்ஜின் விசிறி காற்றில் சுத்தும், திருப்ப முடியாது, படகு குறுக்கே விழுந்து புரளும். விசிறி மணலில் இடித்து இன்ஜின் நின்றாலும் அதே கதி. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் வெளியே நின்று பெரிய அலைகளை எண்ணி விட்டுவிட்டு, ஒரு அலையின் முதுகை ஒட்டியே, அதை முந்தாமல் உள்ளே வருவார்கள். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய படகில் அதைச் செய்பவனைத்தான் பேராசைக்காரன் என்கிறீர்கள். மேடு தட்டிப்போச்சு, மண்ணை அள்ளுங்கள் என்று அவன் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

தம்பி, உனக்கு ஃபாலோயர் நிறைய. அடுத்த வாரம் விடிகாலை நாலு மணிக்கு முகத்துவாரத்துக்குக் கேமராவோடு போ. மண் அள்ளுகிற இயந்திரம் எங்கே நிற்கிறது என்று ஒரு ரீல் போடு. பேய் மியூசிக்கே இருக்கட்டும், நானே ஷேர் பண்றேன்.