பேக்கார்டைக் கொன்றது மலிவு விலைக் கார் அல்ல

பேக்கார்ட் என்ற அமெரிக்க ஆடம்பரக் கார் நிறுவனம் எப்படி அழிந்தது என்று அந்தக் காரின் ரசிகர்களிடம் கேட்டால், பெரும்பாலோர் 1935ஆம் ஆண்டைச் சுட்டிக்காட்டுவார்கள். அதுவரை செல்வந்தர்களுக்காகவே கார் செய்துவந்த அந்த டெட்ராய்ட் நிறுவனம், அந்த ஆண்டில்தான் 'ஒன் ட்வென்ட்டி' என்ற மாடலை ஆயிரம் டாலருக்கும் குறைவான தொடக்க விலையில் விற்பனைக்கு விட்டது. வங்கி முதலாளி வைத்திருக்கும் காரின் பெயரை அவருடைய குமாஸ்தாவும் வாங்கிவிடலாம் என்றானதும் பெயரின் மதிப்புப் போயிற்று, மதிப்புப் போனதும் நிறுவனமும் போயிற்று என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆடம்பரக் கார் என்றால் பேக்கார்ட், பியர்லெஸ், பியர்ஸ்-ஆரோ என்ற மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்வார்கள். பியர்லெஸ் 1931இல் கார் செய்வதை நிறுத்தியது. மதுவிலக்கு நீங்கிய பின் அதன் தொழிற்சாலை பீர் ஆலையாக மாறியது. பியர்ஸ்-ஆரோ மலிவு விலைக் கார் எதையும் செய்யாமல் தன் கௌரவத்தைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டு 1938இல் ஏலத்துக்குப் போனது. மார்மன் 1933இலும் டியூசன்பெர்க் 1937இலும் முடிந்தன. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைத் தாண்டி வந்த சுயேச்சையான ஆடம்பரக் கார் நிறுவனம் பேக்கார்ட் ஒன்றுதான். அதைத் தாண்டவைத்ததே ஒன் ட்வென்ட்டிதான். 1937இல் பேக்கார்ட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைச் செய்தது. காடிலாக்கும் லிங்கனும் மட்டும் என்ன செய்தன? ஒன்று லாசால் என்ற விலை குறைந்த காரையும், மற்றொன்று செஃபயர் என்ற விலை குறைந்த காரையும் விற்றுத்தான் பிழைத்தன. அவற்றின் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நின்றன என்பதுதான் வேறுபாடு.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தவறு 1935இல் நடக்கவில்லை, 1945க்குப் பிறகு நடந்தது என்பதே என் வாதம். போர்க்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இயந்திரத்தை உரிமம் பெற்று ஐம்பதாயிரத்துக்கும் அதிகமாகச் செய்துகொடுத்த நிறுவனம், போர் முடிந்தபோது நல்ல பெயரோடும் கையில் பணத்தோடும் இருந்தது. எதைச் செய்தாலும் விற்றுப்போகும் காலம் அது. அந்த நேரத்தில் உயர்ந்த ரகக் கார்களில் முழுக் கவனத்தையும் வைத்திருக்க வேண்டியவர்கள், நடுத்தர விலைக் கார்களையும் டாக்சிகளையும் கூடச் செய்துகொண்டிருந்தார்கள். காடிலாக் 1949இல், எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் அமைத்த புதிய வி8 இயந்திரத்தோடு வந்தது. பேக்கார்டோ எட்டு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திய பழைய இயந்திரத்தை 1954 வரை வைத்துக்கொண்டிருந்தது. அது மிக மென்மையாக ஓடும் இயந்திரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாங்க வந்தவருக்கு அது அப்பா காலத்துச் சரக்காகத் தெரிந்தது.

என்னைக் கேட்டால், உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. தன் கார்களின் பாடியைத் தானே செய்துவந்த பேக்கார்ட், 1941இல் வந்த கிளிப்பர் மாடலிலிருந்து அந்த வேலையை பிரிக்ஸ் என்ற வெளி நிறுவனத்திடம் கொடுக்கத் தொடங்கியது. 1953இன் இறுதியில் பிரிக்ஸின் பாடித் தொழிற்சாலைகளை கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. தன் காரின் பாடிக்காகப் போட்டியாளரிடம் கையேந்த வேண்டிய நிலைமை எந்த ஆடம்பரக் கார் நிறுவனத்துக்கும் வரக் கூடாது, பேக்கார்டுக்கு வந்தது. வேறு வழியில்லாமல், கானர் அவென்யூவிலிருந்த பழைய பிரிக்ஸ் ஆலையை கிரைஸ்லரிடமே குத்தகைக்கு எடுத்து, பாடி வேலையோடு கார் முழுவதையும் கோக்கும் வேலையையும் அந்தச் சிறிய இடத்துக்குள் திணித்தார்கள். 1955ஆம் ஆண்டுக் கார்கள் தாமதமாகவும், கதவும் பலகையும் சரியாகப் பொருந்தாமலும் வெளியே வந்தன. தொழிற்சாலையில் முடிந்திருக்க வேண்டிய வேலையை விற்பனையாளர்கள் தங்கள் பட்டறையில் செய்துகொடுத்தார்கள். பெயரின் மதிப்பைக் குறைத்தது எது என்று தேடுபவர்கள் இங்கே தேடலாம்.

இதற்கு நடுவில் 1954 அக்டோபரில் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு கார் நிறுவனத்தோடு இணைப்பு. ஸ்டூடிபேக்கர் ஆண்டுக்கு எத்தனை கார் விற்றால் நட்டமில்லாமல் தப்பும் என்ற கணக்கே பெரும் பிழை என்பது கையெழுத்தான பிறகுதான் தெரியவந்தது. வீட்டு உபயோகப் பொருள் நிறுவனமான ஹாட்பாயிண்டிலிருந்து பேக்கார்டின் தலைவராக வந்த ஜேம்ஸ் நான்ஸை ரசிகர்கள் இதற்காகத் திட்டுவதுண்டு, திட்டட்டும்.

ஆனால் அதே 1955ஆம் ஆண்டுக் காரின் அடியில் குனிந்து பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாக அதை ஒதுக்கிவிட மாட்டார்கள். சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்து இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பிகள் அதில் உண்டு. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த விசையின் ஒரு பகுதி பின்சக்கரத்துக்குப் போவதால், கார் தலையாட்டாமல் கடந்துவிடும். பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் தாழும். சில நொடிகள் எதுவும் நடக்காது. பிறகு அடியிலிருந்து ஒரு மின்மோட்டார் முனகத் தொடங்கும். கார் மெல்ல எழுந்து சமநிலைக்கு வந்துவிடும். சாலையின் மேடுபள்ளத்துக்கெல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே அந்தச் சில நொடித் தாமதத்தை வைத்தார்கள். வில்லியம் அலிசன் என்ற பொறியாளர் உருவாக்கிய இந்த அமைப்பைக் காட்டிப் பேக்கார்ட் அந்த ஆண்டில் சுமார் 55,000 கார்களைச் செய்தது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் இது பெரிய ஏற்றம். அடுத்த ஆண்டே எண்ணிக்கை 30,000க்குக் கீழே இறங்கியது. 1957க்கான புதிய கார்களுக்குக் கடன் கேட்டுப் போனபோது காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. 1956 ஜூன் 25 அன்று டெட்ராய்டின் கடைசி பேக்கார்ட் வெளியே வந்தது.

இன்றைய ரசிகர்களிடம் எனக்குள்ள வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் செய்திருக்கும் பணி சாதாரணமானதல்ல. நிறுவனம் உயிரோடிருந்த 1953இலேயே ரசிகர் சங்கம் அமைந்துவிட்டது. ஓஹாயோ மாநிலத்தில் மட்டும், நிறுவனம் பிறந்த வாரனில் ஒன்று, டேட்டனின் பழைய விற்பனை நிலையக் கட்டடத்தில் ஒன்று என இரண்டு அருங்காட்சியகங்கள் உள்ளன. டெட்ராய்டின் கிழக்கு கிராண்ட் புலிவார்டில் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வடிவமைத்த பேக்கார்ட் தொழிற்சாலை சிதைந்து, 2013இல் வரிபாக்கிக்காக 4,05,000 டாலருக்கு ஏலம்போய், 2022இலிருந்து இடிக்கப்பட்டபோது, ஷெல்பி டவுன்ஷிப்பிலிருந்த சோதனைத் தளக் கட்டடங்களை மீட்டுக் காப்பாற்றியவர்கள் இந்த ரசிகர்களே.

ஆயினும் அவர்களுக்குள்ளும், விலை உயர்ந்த கார்கள் 'சீனியர்', ஒன் ட்வென்ட்டி போன்ற விலை குறைந்தவை 'ஜூனியர்' என்ற சாதிப்பிரிவு உண்டு. போருக்கு முந்தைய பன்னிரண்டு சிலிண்டர் கார்களைக் கோயில் சிலைபோல் கயிறு கட்டி நிறுத்தி வணங்குகிறார்கள். அமெரிக்காவின் கிளாசிக் கார் சங்கப் பட்டியல் அந்தக் கார்களுக்கு முழு இடம் கொடுக்கிறது. நிறுவனத்தைக் காப்பாற்றிய சாதாரண ஒன் ட்வென்ட்டிக்கு அதில் இடமில்லை. 1955, 1956 கார்களுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை என்பதைவிட, அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள் என்பதே எனக்குக் கவலை தருகிறது. வைப்பர்களுக்கான வெற்றிடப் பம்போடு சேர்த்துச் செய்யப்பட்ட எண்ணெய்ப் பம்பு காற்றை உறிஞ்சி, அந்தக் கார்களின் வி8 இயந்திரத்தில் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்களைத் தடதடக்கவிடும். அதை எப்படிச் சரிசெய்வது, சமநிலை மோட்டாரின் சுவிட்சுகளை எப்படிப் பராமரிப்பது, 1956 மாடலின் பொத்தான் கியர் எங்கே மக்கர் செய்யும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தால் வருபவை. பன்னிரண்டு சிலிண்டர் காரை இளைஞர் ஒருவர் விலைகொடுத்து வாங்குவது நடக்காத காரியம். 1955ஆம் ஆண்டு நான்கு கதவு காரை வாங்குவது நடக்கக்கூடியது. சங்கங்கள் பரிசுக் கோப்பைகளுக்குச் செலவிடும் அக்கறையில் கொஞ்சத்தை இந்தப் பட்டறைக் கல்விக்குத் திருப்பினால் நல்லது.

ஸ்டூடிபேக்கரின் ஊரான சவுத் பெண்டில், அதன் பாடியில் பேக்கார்ட் பெயரை ஒட்டி விற்ற 1957, 1958 கார்களை 'பேக்கார்ட்பேக்கர்' என்று கேலி செய்கிறார்கள். 1958ஆம் ஆண்டுக் காரில் இரட்டை விளக்கைப் பொருத்த இடமில்லாமல் ஃபைபர் கிளாஸில் கூடு செய்து முகத்தில் ஒட்டினார்கள். வாலில் சிறகுக்கு மேல் இன்னொரு சிறகையும் வைத்தார்கள். அதன் அழகுக்காக வாதாட எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆண்டில் செய்யப்பட்டவை மூவாயிரத்தையும் எட்டவில்லை. அவற்றையும் காப்பாற்றத்தான் வேண்டும்.