கொதிக்க வைத்தால் பென்சோபைரீன் போகாது

"தார் பூசிய பழைய குழாயில் வரும் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் பென்சோபைரீன் ஆவியாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. கரித்தாரில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் இந்த வேதிப்பொருளின் கொதிநிலை ஏறத்தாழ 495 டிகிரி செல்சியஸ். தண்ணீர்தான் முதலில் ஆவியாகும். மிஞ்சும் நீரில் செறிவு கூடத்தான் செய்யும். நாஃப்தலீனோடு குழப்பிக்கொண்டார் போலும். அதுவும் கரித்தாரில் உள்ளதுதான், ஆனால் அதன் மூலக்கூறில் இரண்டே கார்பன் வளையம், சட்டென ஆவியாகும். பென்சோபைரீனுக்கு ஐந்து வளையம்.

நீரில் இது கரைவது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். அதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது: குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே லிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம். தவிர, பெரும்பகுதி கரைந்து வருவதில்லை. உதிர்ந்த பூச்சுத் துகளிலும் வண்டலிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே முதலில் துகள் வடிகட்டி, அடுத்து ஆக்டிவேட்டட் கார்பன் (மாசுகளை ஈர்த்துப் பிடிக்கும் நுண்துளைக் கரி). கார்பனை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது பிடிப்பதை நிறுத்திவிடும்.

சோதனைக்கு மாதிரி எடுப்பவர்கள் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். பிளாஸ்டிக் சுவரில் இது ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்தில் சிதையும். முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும்.